சின்ன ஊரு எந்தக் கட்சிப் பக்கம்னு பூத் ரிசல்ட்ட வச்சு சொல்லிர முடியுமா?

கேள்விய பாத்துட்டு பேசாம போயிரலாம்னுதான் இருந்தேன். ஆனா "சின்ன ஊருகள்ல எல்லாம் காலகாலமா ஒரே கட்சிக்குத்தான் போடுவாங்க, பூத் வாரியா வந்த ரிசல்ட்ட எடுத்து வச்சா எந்தத் தெரு எந்தக் கட்சின்னு சொல்லிரலாம், சரிதானே?"ன்னு கேட்டுருக்கீங்க பாருங்க, அந்த 'சரிதானே'ல வந்து மாட்டிக்கிட்டேன். ஏன்னா இதே வார்த்தைய ஒருத்தர் எங்கிட்ட 2019ல கேட்டாரு, கேள்வியா இல்ல, குத்தமா.

நீங்க ஒன்னு சர்வே எடுக்குற கம்பெனில புதுசா சேந்த தம்பியா இருக்கணும், இல்லாட்டி எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்து எக்செல்ல செவப்பு பச்சைன்னு கலர் அடிக்கிறவரா இருக்கணும். தப்பா இருந்தா மன்னிச்சிருங்க. ஆனா ஊர்க்காரரா இருந்தா இந்தக் கேள்விய கேக்க மாட்டீங்க, ஊருக்குள்ள இதுக்கு பதில் தெரியும்னு நெனச்சுத் திரியுறவன்தான் எல்லாரும்.

நான் திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டை தொகுதிக்குள்ள வர்ற ஒரு பேரூராட்சி. எந்தப் பேரூராட்சின்னு வேண்டாம். ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். 2006லேந்து பூத் ஏஜென்ட்டா உக்காந்திருக்கேன். எந்தக் கட்சிக்குன்னும் சொல்ல மாட்டேன், கமெண்ட்ல வந்து நோண்டாதீங்க. படிச்சு முடிச்சாலும் உங்களால கண்டுபிடிக்க முடியாது, அதுக்குக் காரணமும் கீழ வரும். இன்னொன்னும் இப்பவே சொல்லிர்றேன், நான் உக்காந்தது பூத்துக்குள்ள மட்டும்தான், வெளிய நடக்குற மத்த விவகாரம் எதுலயும் நான் கை வச்சதில்ல. நம்புறவங்க நம்புங்க.

மொத எங்க அப்பத்தா கதை. எங்க பக்கம் ரெட்டை இலை பொறந்த மண்ணுன்னு பெருமையா சொல்லுவாங்க, அது உண்மைதான். 1972 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பிக்கிறாரு, 1973 மே மாசம் திண்டுக்கல் பார்லிமெண்ட்டுக்கு இடைத்தேர்தல் வருது, மாயத்தேவர் மொதமொதலா ரெட்டை இலைல நின்னு ஜெயிக்கிறாரு, ஆளுங்கட்சியா இருந்த தி.மு.க. மூணாவது எடத்துக்குப் போயிருச்சு. அப்பத்தா அதுக்கு ஓட்டு போட்டத கடைசி வரைக்கும் கல்யாணக் கதை மாதிரி சொல்லும். "ஏலேய், எலைக்கு மொத குத்து குத்துனது நாங்கடா"ன்னு. நீங்க அப்ப வந்து சர்வே எடுத்திருந்தீங்கன்னா எங்க தெருவ ஒரே கலர்ல அடிச்சிட்டுப் போயிருப்பீங்க.

ஆனா பாருங்க, 1980 ஜனவரி. அதே மாயத்தேவரு, அதே திண்டுக்கல்லு, இப்ப தி.மு.க. பக்கம் போயி உதயசூரியன்ல நிக்கிறாரு, இந்திரா காந்தி கூட்டணி. ஜெயிச்சிட்டாரு. தமிழ்நாடு பூராவும் எம்.ஜி.ஆர். கட்சிக்கு ரெண்டே ரெண்டு எடம்தான், கோபிச்செட்டிபாளையம், சிவகாசி. சோலி முடிஞ்சிருச்சுன்னு பிப்ரவரில ஆட்சியவே கலைச்சுவிட்டாங்க. மே கடைசில சட்டமன்றத் தேர்தல் வருது, அதே ஜனங்க எம்.ஜி.ஆருக்கு 129 சீட்டு தூக்கிக் குடுக்குறாங்க. நாலு மாசம் இடைவெளி, அம்புட்டுத்தான். அப்பத்தாகிட்ட நான் சின்னப் பயலா இருக்கைல கேட்டுருக்கேன், "நீதான் எலைய விட மாட்டேன்னு சொல்லுவியே, அந்த ஜனவரில என்னத்தக் குத்துன?"ன்னு. ரொம்ப நேரம் வெத்தலைய மென்னுட்டு, "அது டெல்லிக்குடா, இந்திராம்மா பாவம்ல"ன்னு சொல்லுச்சு. எம்.ஜி.ஆருக்குத் துரோகமில்லையான்னு கேட்டேன். "அவருக்குத்தான் மே மாசம் போட்டோமே"ன்னுருச்சு. அது மனசுல ரெண்டு கணக்கும் தனித்தனி நோட்டு. நம்மதான் ரெண்டையும் ஒரே நோட்டுல கூட்டிக்கிட்டு இருக்கோம்.

உடனே ஒருத்தர் வருவாரு, "2014ல ஜெயலலிதா தனியா நின்னு 39ல 37 எடம் ஜெயிச்சாங்களே, அது டெல்லி எலெக்ஷன்தானே"ன்னு. ஆமாங்க, நடந்துச்சு. நான் விதின்னு ஒன்னும் சொல்ல வரல. எங்க வீட்ல நடந்தத சொல்றேன், அவ்வளவுதான்.

இப்ப 2019க்கு வர்றேன், இதுதான் எனக்கு வலிக்கிற எடம்.

ஏப்ரல் 18. அன்னிக்கு எங்க பூத்துல ரெண்டு ஓட்டு. ஒன்னு பார்லிமெண்ட்டு, இன்னொன்னு நிலக்கோட்டை இடைத்தேர்தல். இடைத்தேர்தல் எதுக்குன்னா, 2017 செப்டம்பர்ல 18 எம்.எல்.ஏ.க்கள தகுதிநீக்கம் பண்ணாங்கள்ல, அதுல எங்க தொகுதியும் ஒன்னு. ஒன்றரை வருசத்துக்கு மேல எம்.எல்.ஏ.வே இல்லாம கெடந்தோம். மிஷின் சரியா ஓடுதான்னு பாக்குற 'மாதிரி ஓட்டு'க்கு காலைல அஞ்சரைக்கே வரச் சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் மனசு மதுரைல கெடக்கு, அன்னிக்கு அங்க தேரு, மறுநாள் அழகர் ஆத்துல எறங்குறாரு. மதுரை தொகுதிக்கு மட்டும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் டயம் குடுத்திருந்தாங்க, எங்களுக்கு ஆறோட முடிஞ்சுச்சு.

பூத்துக்குள்ள அட்டை மறைவு ரெண்டு. மொத மறைவுல பார்லிமெண்ட்டு மிஷின், அதுல போட்டுட்டு அடுத்ததுல சட்டமன்றம். எங்க தெருமுக்குல பூக்கட்டுற பெரியம்மா ஒன்னு வந்துச்சு (சொந்தமில்ல, ஊரே பெரியம்மான்னுதான் கூப்புடும்). வந்ததும் வராததுமா "ரெண்டு இருக்கே, எதுல எத அமுக்கணும்?"னு கணீர்னு கேட்டுச்சு. அந்த ஆபீசர் பதறிப்போயி "அம்மா அம்மா, அத எங்ககிட்ட கேக்கக் கூடாது, உங்க இஷ்டம்"னாரு. நாங்க ஏஜென்ட்டுக நாலஞ்சு பேரும் லிஸ்ட்ட பாக்குற மாதிரி தலைய குனிஞ்சுக்கிட்டோம், சிரிப்ப அடக்க முடியல. மொத மறைவுக்குள்ள போயி ரொம்ப நேரம் நின்னுச்சு, பீப் சத்தம் வர்றதுக்கு. ரெண்டாவதுல போன வேகத்துல வந்துருச்சு.

மே 23 ரிசல்ட்டு. திண்டுக்கல் எம்.பி. தி.மு.க. அஞ்சு லட்சத்துக்கு மேல வித்தியாசம், தமிழ்நாட்டுலயே பெரிய வித்தியாசம் அந்தத் தடவை அதான். அதே நாள், அதே பள்ளிக்கூடம், அதே மை வச்ச வெரலு, நிலக்கோட்டை எம்.எல்.ஏ. சீட்டு அ.தி.மு.க. எங்க தொகுதி மட்டுமில்ல. அந்த சீசன்ல நடந்த 22 இடைத்தேர்தல்ல 9 எடத்துல அ.தி.மு.க. ஜெயிச்சுது. பார்லிமெண்ட்டுல அவங்களுக்குக் கெடச்சது தேனி ஒன்னே ஒன்னு.

இது ஏன்னு பெரிய பெரிய ஆளுக எல்லாம் டிவில பேசுனாங்க. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். மொத மிஷின்ல எலையே இல்ல. திண்டுக்கல்ல அந்தப் பக்கம் கூட்டணில பா.ம.க.வுக்கு விட்டுட்டாங்க, மாம்பழம். எங்க ஊருப் பக்கம் மாம்பழத்துல நின்னு யாரையும் ஜனங்களுக்குப் பழக்கமில்ல. காலங்காலமா எலையத் தேடுற கை அந்த மிஷின்ல எலையக் காணாம அங்குட்டும் இங்குட்டும் அலைஞ்சிருக்கு. கூடவே டெல்லி மேல கடுப்பு, நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப கடை கடையா அலைஞ்சது, நீட்டு, ஜி.எஸ்.டி. ரெண்டாவது மிஷின்ல எலை இருந்துச்சு. ஜனவரில பொங்கலுக்கு ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபா குடுத்திருந்தாங்க, எடப்பாடி ஆட்சி கவுந்துட்டா மறுபடி எலெக்ஷன் எலெக்ஷன்னு அலையணும்ங்கற சலிப்பும் இருந்துச்சு. நின்ன ஆளு யாருன்னும் பாத்துருப்பாங்க. 2024ல அதே திண்டுக்கல்ல அரிவாள் சுத்தியல் நாலு லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சுச்சே, அது மட்டும் பழகுன சின்னமான்னு கேப்பீங்க. தெரியும், அதனாலதான் சின்னம் மட்டும்தான்னு சொல்லாம நாலஞ்சு காரணம் சொல்றேன்.

காசு, காசுன்னு எழுதப்போறவங்களுக்கு ஒரு வார்த்தை. காசு இல்லன்னு நான் சொல்லவே இல்ல, அரவக்குறிச்சி தஞ்சாவூர்ல 2016லயும் ஆர்.கே. நகர்ல 2017லயும் வேலூர்ல 2019லயும் அதுக்காகவே எலெக்ஷன நிறுத்துனது ஊரறிஞ்சது. ஆனா ரெண்டு பக்கமும் வாங்குன வீட்ல ஓட்டு எங்க போச்சுன்னு காசு குடுத்தவனுக்கே தெரியாது.

சரி, என் கதை. ரிசல்ட்டு வந்து கொஞ்ச நாள் கழிச்சு எங்க கட்சில ஊருக்குள்ள பொறுப்புல இருந்த ஒருத்தர் (அண்ணன்னே வச்சுக்குவோம்) கடைக்கு வந்தாரு. கையில பென் டிரைவு. "மாப்ள, இத பிரிண்டு போட்டுக் குடு"ன்னாரு. படிவம் 20. பூத் வாரியா யாருக்கு எத்தன ஓட்டுன்னு போட்டுருப்பாங்கள்ல, அது. ரெண்டு எலெக்ஷனுக்கும் சேத்து 24 பக்கம். போட்டுக் குடுத்தேன். கடைல அப்ப கூட்டம், என்னன்னு கூட முழுசா பாக்கல. "காசு அப்பறம் தர்றேன்"னுட்டுப் போயிட்டாரு.

மறுநாள் சாயங்காலம் ஒரு மண்டபத்து மாடிக்கு வரச் சொன்னாங்க. பத்துப் பதினஞ்சு பேரு. போனா, நான் பிரிண்டு போட்டுக் குடுத்த அதே பேப்பரு, அதுல எங்க பூத்து நம்பர செவப்பு மைல வட்டம் போட்டு வச்சிருக்காரு. ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, "இங்க விழுந்த ஓட்டு அங்க ஏன் விழல? நூத்துச் சொச்சம் ஓட்டு எங்க போச்சு? உள்ளடி வேலை பாத்துட்ட, சரிதானே?"ன்னாரு. எல்லார் முன்னாடியும். எங்க மச்சானும் அங்கதான் உக்காந்திருந்தான், வாயத் தொறக்கல.

இதுல எந்தக் கட்சின்னு தேடாதீங்க, ஏன்னா ஒரு கட்சிக்கு எம்.பி.ல விழுந்தது எம்.எல்.ஏ.ல விழல, இன்னொரு கட்சிக்கு எம்.எல்.ஏ.ல விழுந்தது எம்.பி.ல விழல. ரெண்டு பக்கமும் அந்த மாசம் அவனவன் ஆள மாடில கூப்புட்டு வஞ்சுக்கிட்டுதான் இருந்தான். எனக்கு எதுக்க உக்காந்திருந்த கட்சி ஏஜென்ட்டுக்கும் இதே கதைதான், அவன் டீக்கடைல வச்சு சொன்னான், ரெண்டு பேரும் ஒரு வடைய பிச்சுத் தின்னுக்கிட்டே சிரிச்சோம். அன்னிக்கு ராத்திரி மட்டும் எனக்கு சிரிப்பு வரல.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, எனக்கு பதில் தெரியும். அந்தப் பூக்கட்டுற பெரியம்மா ரிசல்ட்டு வந்தன்னிக்கே ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்துச்சு. நான் ஒன்னுமே கேக்கல, அதுவா ஆரம்பிச்சுச்சு. "ரெண்டு மிஷின் வச்சாகள்ல, நான் ஒன்னுக்கு ஒன்னு மாத்திப் போட்டேன். பொறந்த வீட்டுக்கும் நல்லவளா இருக்கணும், கட்டிக் குடுத்த வீட்டுக்கும் நல்லவளா இருக்கணும்லப்பா"ன்னுச்சு. அந்த வாரத்துல மட்டும் இன்னும் மூணு நாலு பேரு இதே மாதிரி வேற வேற வார்த்தைல சொன்னாங்க. ஜெராக்ஸ் கடைங்கறது சவரக் கடை மாதிரி, நிக்கிற நேரத்துல எல்லாத்தையும் கொட்டிருவாங்க. மாடில நான் அந்தப் பேருகள சொல்லியிருந்தா அண்ணன் நம்பியிருப்பாரு. ஆனா பெரியம்மாவோட முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் குடுத்து அலைஞ்சு வாங்கிக் குடுத்ததே அந்த அண்ணன்தான். அப்ப மாசம் ஆயிரம் ரூபா. அவரு ஒன்னும் நிறுத்துற ஆளு இல்லதான், ஆனா பாக்குறப்பல்லாம் ஒரு சொல்லு சொல்லுவாரு, அத அது தாங்காது. "எனக்குத் தெரியலண்ணே"ன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். உள்ளடிக்காரன்ங்கற பேரு அப்புடியே ஒட்டிக்கிச்சு.

அதனால உங்க பூத் வாரி கணக்கு மேல எனக்கு ஒரு கோவம் இருக்கு. சீட்டுல குத்துன காலத்துல எண்றதுக்கு முன்னாடி பல பெட்டிச் சீட்டையும் ஒன்னாக் கொட்டிக் கலக்கிட்டுத்தான் எண்ணுவாங்க, எந்தத் தெரு எங்க போட்டுச்சுன்னு தெரியக் கூடாதுன்னு. எங்களுக்கு 2001 சட்டமன்றத் தேர்தல்லயே தமிழ்நாடு பூராவும் மிஷின் வந்துருச்சு. ஒரு பூத்துக்கு ஒரு மிஷின், அதுல வந்த கணக்கு அப்புடியே படிவம் 20ல ஏறிருது. பல மிஷின ஒன்னா இணைச்சு மொத்தமா மட்டும் கணக்கு காட்ட 'டோட்டலைசர்'னு ஒரு கருவிய தேர்தல் கமிஷனே கேட்டுச்சு, நடக்கல. ஆளு பேரு தெரியாதுங்கறது சரி. ஆனா ஆயிரம் சொச்சம் ஓட்டு இருக்குற பூத்துல, நாலு தெருவுல, சாதி தெரியும், வீடு தெரியும், யாரு யாரு வரலன்னு மத்தியானமே லிஸ்ட்டு வெளிய போகுது. மிச்சத்த ஊகிக்க எம்புட்டு நேரம்? பூத் வாரி கணக்கு இருந்தாத்தான் முறைகேட்டக் கண்டுபிடிக்க முடியும்னு சொல்லுவாங்க, அதுவும் நியாயம்தான். நான் மாடில உக்காந்தவன், எனக்கு அந்த நியாயம் ரெண்டாவதாத்தான் தோணும்.

கடைன்னதும் ஞாபகம் வருது, இது உங்க கேள்விக்கு சம்பந்தமில்ல, ஆனா எங்கயாவது சொல்லித் தீக்கணும். இப்பல்லாம் வாட்ஸாப்ல நாப்பது போட்டோ அனுப்பிட்டு "இதுல நல்லா இருக்குறத பாத்து நீங்களே பிரிண்டு போடுங்கண்ணே"ங்கறாங்க. ஆதாருக்கு முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் இன்னொரு போட்டோ, ரெண்டுலயும் கட்டவெரல் தெரியும். அத நேராக்கி, வெட்டி, ஒரே பக்கத்துல கொண்டுவந்து குடுத்தா "ரெண்டு ரூபாயா? ஒரு பக்கம்தானே"ன்னு கேக்குறது. ஒரு ரூபாய்க்கு ஜிபே பண்ணிட்டு சத்தம் வந்துச்சான்னு என்னையவே கேக்குறது. கரண்டு பில்லு நீங்க கட்டுறீங்களா? டோனரு நீங்க வாங்கித் தர்றீங்களா? சரி விடுங்க.

உள்ளாட்சிய பத்தியும் சொல்லாம விட்டா பதில் முழுசாகாது, ஏன்னா சின்ன ஊருல அசல் எலெக்ஷன் அதுதான். 2016ல நடக்க வேண்டியத ஐகோர்ட்டு ரத்து பண்ணுச்சு, அதுக்கப்பறம் எங்களுக்கு ஓட்டு வந்தது 2022 பிப்ரவரி 19. அஞ்சு வருசத்துக்கு மேல தனி அலுவலர்தான், சாக்கடை அடைச்சா யார்ட்ட சொல்றதுன்னே தெரியாது. 2011ல தலைவர நேரா நம்மளே ஓட்டு போட்டு எடுத்தோம், 2022ல கவுன்சிலருக சேந்து எடுத்துக்கிட்டாங்க, அதனால வார்டு ஓட்டுக்கு மதிப்பு கூடிருச்சு. எங்க வார்டு பெண்கள் வார்டு ஆயிருச்சு, எங்க மதினி சுயேச்சையா நின்னாங்க. நான்தான் கணக்குப் புள்ள. நோட்டு போட்டு வீடு வீடா எழுதுனேன், இது நம்ம ஓட்டு, இது சந்தேகம், இது இல்ல. 'நம்ம ஓட்டு'ன்னு டிக்கு அடிச்சது மட்டும் 290. வந்தது 161. இத்தனைக்கும் பதினாறு வருசம் பூத்துல உக்காந்தவன் நானு, எங்க தெருவுல எந்த வீட்டு நாயி எப்பக் கொலைக்கும்னு தெரிஞ்சவன். மதினி இன்னிக்கு வரைக்கும் பந்தில எனக்கு சோறு போடுறப்ப "இது நம்ம ஓட்டுதானா பாத்துக்கங்க"ன்னுதான் போடுவாங்க.

அந்த வார்டுல ஜெயிச்சதும் சுயேச்சைதான். எம்.பி.க்கு ஒரு பக்கம், எம்.எல்.ஏ.க்கு ஒரு பக்கம், வார்டுக்கு கட்சியே இல்ல, எல்லாம் அதே வீடுதான். 2021லயும் நிலக்கோட்டைல எலைதான் ஜெயிச்சுது, 2024ல எம்.பி. மறுபடி தி.மு.க. கூட்டணி. இந்த ஊரு எந்தக் கலர்னு நீங்களே அடிச்சுக்கங்க.

அந்த அண்ணன் என்னாச்சுன்னு கேப்பீங்க. 2021 மார்ச்சுல கடை வாசல்ல வந்து நின்னாரு. ரெண்டு வருசமா மொகம் குடுத்துப் பேசல. "மாப்ள, பூத்துல உக்கார ஆளு பத்தல"ன்னாரு. அந்த 24 பக்கம் பிரிண்டு காசு 48 ரூபாய கேட்டுரலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. போனேன். ஏன் போனேன்னு திட்டாதீங்க, எனக்கு அந்த லிஸ்ட்டும் ஸ்கேலும் செவப்புப் பேனாவும் ஒரு பழக்கம்.

ஏப்ரல் 6, கொரோனா நேரம், ஓட்டுப் போட வந்தவங்களுக்கெல்லாம் ஒரு கைக்கு பிளாஸ்டிக் கிளவுஸ் குடுத்தாங்க. பத்து மணி வாக்குல பெரியம்மா வந்துச்சு. மாஸ்க்க தாடைக்கு எறக்கி விட்டுட்டு, கிளவுஸ் போட்ட கைய மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, போட்டுட்டு வெளிய வந்து நின்னு சுத்தி முத்தி பாத்துச்சு. அப்பறம் ஆபீசரப் பாத்து கேட்டுச்சு, "இன்னொரு மிஷின் எங்கப்பா?"